அவையறிதலும் அவையஞ்சாமையும்

ஏழாம் வகுப்பில் எனக்கு ஒரு பேச்சுப் போட்டி வந்தது. தலைப்பு 'மரம் வளர்ப்போம்'. அப்பாவின் நண்பர் இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். பத்து நாள் காலையும் மாலையும் மொட்டை மாடியில் நடந்துகொண்டே படித்தேன். நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் தட்டுத்தடங்கல் இல்லாமல் ஒப்பிக்கும் அளவுக்கு மனப்பாடம்.

போட்டி அன்று என் முறைக்காக அரை மணி நேரம் மேடையோரம் காத்திருந்தேன். பெயரைக் கூப்பிட்டதும் போய் நின்றேன். "பெருமதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களே, நடுவர் பெருமக்களே, என் அன்பிற்கினிய மாணவ நண்பர்களே" வரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. மூன்றாவது பத்தியில் "ஆகவே" என்று தொடங்கினேன். அதற்குப் பிறகு என்ன என்று தெரியவில்லை. மறுபடியும் "ஆகவே" என்றேன். நான் எச்சில் விழுங்கிய சத்தம் மைக் வழியாக எனக்கே கேட்டது. திரைக்குப் பக்கத்திலிருந்து தமிழாசிரியர் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார், காதில் ஏறவில்லை. மூன்றாவது முறையும் "ஆகவே" சொல்லிவிட்டு, "நன்றி, வணக்கம்" என்று முடித்துக்கொண்டு இறங்கினேன்.

மேடைக்கு நான்கு படி. கடைசிப் படியில் கால் வைத்தபோது அந்த மூன்றாம் பத்தி முழுவதும், எழுத்துப் பிசகாமல், மனசுக்குள் ஓடி வந்தது.

அதுவரை அது எங்கே போயிருந்தது? இந்தக் கேள்வி என்னைப் பல ஆண்டுகள் விடவில்லை. பதிலைத் தேடிப் போனால், நன்றாகப் பேசுவது எப்படி என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

உடம்பு எதற்குத் தயாராகிறது?

அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் ஒரு நூல் வெளியிட்டார். வலி, பசி, பயம், கோபம் ஆகியவை வரும்போது உடலில் என்ன மாறுகிறது என்பதே அதன் பொருள். ஆபத்தைக் கண்டதும் ஓர் உயிர் எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ தயாராகிறது என்று அவர் விளக்கினார். சிறுநீரகங்களின் மேல் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. செரிமானத்துக்குப் போக வேண்டிய ரத்தம் கை கால் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது.

மேடையேறியவர்கள் சொல்லும் ஒவ்வொரு தொல்லைக்கும் இதில் விளக்கம் உண்டு. செரிமானம் நின்றுபோவதால் வயிற்றைப் பிசைகிறது. எச்சில் குறைவதால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. தசைகள் ஓடத் தயாராகிவிட்டன, ஆனால் நாம் ஓடவில்லை. அதனால் முழங்கால் ஆடுகிறது. மூச்சு நெஞ்சின் மேற்பகுதியிலேயே நின்றுவிடுகிறது, குரல்வளைத் தசைகள் இறுகுகின்றன. அதனால் குரல் கீச்சிடுகிறது.

எதிரே புலி நிற்கவில்லையே, மனிதர்கள்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்? இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் கிளெமென்ஸ் கிர்ஷ்பாம் குழுவினர் 1993-இல் ஒரு சோதனை முறையை வெளியிட்டார்கள். ஓர் அறையில் நடுவர் குழு அமர்ந்திருக்கும். வேலைக்கு நேர்காணலுக்கு வந்தவரைப் போல அவர்கள் முன் நின்று, 'நான்தான் இந்த வேலைக்குத் தகுதியானவர்' என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். பேசி முடித்ததும் மனக்கணக்கு: 1022-இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும், தப்பு செய்தால் மறுபடி 1022-இலிருந்து. இத்தனை நேரமும் நடுவர்கள் சிரிக்கவோ தலையாட்டவோ மாட்டார்கள். முகத்தில் எதையும் காட்டாமல் இருக்க அவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள்.

சோதனைக்கு முன்னும் பின்னும் எச்சிலை எடுத்து, மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசாலை அளந்தார்கள். அது இரண்டு முதல் நான்கு மடங்கு வரை ஏறியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் மனிதருக்கு அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் இன்றும் உலகெங்கும் முதலில் நாடுவது இந்த முறையைத்தான்.

பிறகு 2004-இல் சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமனி என்ற இரு உளவியலாளர்கள் இத்தகைய 208 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். இரண்டு விஷயங்கள் சேரும்போது கார்டிசால் மிக அதிகமாக ஏறியது. ஒன்று, நிலைமை நம் கைக்குள் இல்லாமல் இருப்பது. இன்னொன்று, பிறர் நம்மை எடை போடுவது. கூட்டமாக வாழ்ந்தே பிழைத்து வந்த உயிரினம் மனிதன். பத்துப் பேர் நம்மைப் பார்த்து 'இவன் தேற மாட்டான்' என்று முடிவு கட்டிவிடுவார்களோ என்ற எண்ணத்தையும் நம் உடல் ஆபத்துக் கணக்கில்தான் சேர்க்கிறது.

அதனால் மேடையில் கை நடுங்குகிறவரிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: உங்களிடம் ஒரு குறையும் இல்லை. உடம்பு தன் வேலையைச் செய்கிறது.

மூன்றாம் பத்தி எங்கே போனது?

இனி மறதிக்கு வருவோம். சூரிச் நகரில் டொமினிக் டி குவெர்வைன் குழுவினர் செய்த ஆய்வு ஒன்று 2000-இல் வெளிவந்தது. ஆட்களைச் சில சொற்களை மனப்பாடம் செய்ய வைத்து, மறுநாள் சொல்லச் சொன்னார்கள். கார்டிசாலாக மாறக்கூடிய கார்டிசோன் மாத்திரையை சிலருக்கு மனப்பாடம் செய்வதற்கு முன்னும், சிலருக்கு மனப்பாடம் செய்த உடனேயும், சிலருக்கு மறுநாள் சொல்வதற்கு ஒரு மணி நேரம் முன்பும் கொடுத்தார்கள். முதல் இரண்டு வகையினருக்கும் பாதிப்பு இல்லை. கடைசி வகையினர் மட்டும் குறைவான சொற்களையே சொன்னார்கள். படித்தது அழியவில்லை, உள்ளிருப்பதை வெளியே எடுக்கும் வழி மட்டும் அடைபடுகிறது. மேடையோரம் காத்திருந்த அந்த அரை மணி நேரத்தில் எனக்கும் கார்டிசால் சுரந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு நேரத்தில் நாம் மனத்தில் ஏந்தி வைத்திருக்கக்கூடியவை மிகக் கொஞ்சம். நான்கு செய்திகள் அளவுதான் என்று நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001-இல் மதிப்பிட்டார். நான்கு பேர் உட்காரும் திண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'மறந்துவிட்டேனே' என்பது ஓரிடத்தைப் பிடித்துக்கொள்கிறது. 'சார் என்ன நினைப்பார்' என்பது இன்னோரிடத்தை. 'கை நடுங்குவது தெரிகிறதோ' என்பது மூன்றாவதை. பேச வேண்டிய வரி வந்து உட்கார இடமேது? படியிறங்கியதும் கவலைகள் எழுந்து போயின, வரி வந்து உட்கார்ந்தது. என் மறதியை இன்று இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

தடுக்க வழி உண்டா? அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏமி ஸ்மித் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. 120 மாணவர்களுக்குச் சொற்களையும் படங்களையும் கொடுத்தார்கள். பாதிப் பேர் திரும்பத் திரும்பப் பார்த்துப் படித்தார்கள். மீதிப் பேர் ஒருமுறை பார்த்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தார்கள். மறுநாள் சிலரைத் திடீரென்று நடுவர்கள் முன் நிறுத்திப் பேசச் சொல்லி, கணக்கும் போட வைத்து, அந்தப் பதற்றத்தோடேயே படித்ததை நினைவுகூரச் சொன்னார்கள். பார்த்துப் பார்த்துப் படித்தவர்களின் நினைவு பதற்றத்தில் சரிந்தது. மூடி வைத்துச் சொல்லிப் பார்த்தவர்கள் பதற்றம் இல்லாதவர்களுக்குச் சமமாகவே சொன்னார்கள்.

பத்து நாள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த என் பயிற்சியின் கோளாறு இங்கேதான் இருந்தது. தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு அம்மாவிடம் நாலு முறை சொல்லியிருந்தால் போதும்.

சொல்லிப் பார்க்கும்போது வரி வரியாகச் சொல்லாமல் நிறுத்தம் நிறுத்தமாகச் சொல்வது நல்லது. வரி வரியாக மனப்பாடம் செய்தால் ஒவ்வொரு வரியும் அடுத்த வரியின் கையைப் பிடித்துக்கொண்டு வரும். ஒரு கை விட்டால் மொத்த வரிசையும் நின்றுவிடும். பேருந்து வழித்தடம் வேறு மாதிரி. 'எங்கள் ஊர் ஆலமரம், அதை வெட்டிய நாள், அதன்பின் வெயில், நாங்கள் நட்ட கன்று' என்று நான்கு நிறுத்தங்கள் இருந்தால், ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம். நின்றுகொண்டு, வாய்விட்டு, எதிரே ஓர் ஆளை உட்கார வைத்துச் சொல்லிப் பாருங்கள். அந்த ஆள் கொட்டாவி விடும் இடம்தான் நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

உள்ளே அடிப்பது வெளியே கேட்பதில்லை

நமக்கு நெஞ்சு படபடக்கும்போது ஊருக்கே அது தெரிகிறது என்று தோன்றும். இந்த மயக்கத்தைக் கென்னத் சவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் ஆராய்ந்து 2003-இல் எழுதினார்கள். பேசியவர்கள் தாங்கள் எவ்வளவு பதற்றமாகத் தெரிந்தோம் என்று மதிப்பிட்டார்கள்; கேட்டவர்களும் மதிப்பிட்டார்கள். கேட்டவர்கள் கண்ணுக்குத் தெரிந்த பதற்றம் குறைவாகவே இருந்தது. அடுத்த சோதனையில், சிலருக்கு மட்டும் பேசுவதற்கு முன்பே இந்த உண்மையைச் சொன்னார்கள்: 'உங்களுக்குள் இருக்கும் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரியாது.' அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். அவர்களுக்கும் அப்படித் தோன்றியது, கேட்டவர்களுக்கும் அப்படியே. வெறுமனே 'பயப்படாதே' என்று தைரியம் சொல்லப்பட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டீர்கள் என்றால் அந்த மருந்து உங்களுக்கும் கிடைத்துவிட்டது.

பதற்றத்துக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதும் முக்கியம். ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மேடையேறும் முன் சிலர் 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்றும் சிலர் 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்றும் வாய்விட்டுச் சொன்னார்கள். உற்சாகம் என்று சொன்னவர்களின் பேச்சுக்கே கேட்டவர்கள் அதிக மதிப்பெண் கொடுத்தார்கள். பயத்திலும் உற்சாகத்திலும் இதயம் ஒரே மாதிரிதான் அடிக்கிறது. திருவிழாவுக்குப் புறப்படும் குழந்தையின் நெஞ்சும் படபடக்கத்தான் செய்கிறது. துடிக்கும் இதயத்தை அடக்கி உட்கார வைப்பதைவிட, அதன் துடிப்பைப் பேச்சுப் பக்கம் திருப்பிவிடுவது சுலபம்.

மூச்சும் உதவும். மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றே கூடும், வெளியே விடும்போது சற்றே குறையும். ஆகவே முதல் சொல்லுக்கு முன் இரண்டு மூன்று முறை மெதுவாக, நீளமாக மூச்சை விடுங்கள். மைக்கின் உயரத்தைச் சரிசெய்யும் நேரம் இதற்குப் போதும்.

எதிர் நாற்காலியிலிருந்து பார்த்தவர்

பயம் குறைந்ததாலேயே பேச்சு சுவையாகிவிடாது. துளியும் பயமில்லாமல் ஒரு மணி நேரம் கூட்டத்தைத் தூங்க வைப்பவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவி எலிசபெத் நியூட்டன் 1990-இல் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் செய்த சோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டொன்றை மனத்தில் நினைத்து, அதன் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் பாட்டைச் சொல்ல வேண்டும். பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே மூன்று.

தட்டுகிறவர் மனசுக்குள் பாட்டு முழுவதும், மெட்டும் வரியும் வயலினுமாக ஒலிக்கிறது. எதிரே இருப்பவர் காதில் விழுவது 'டொக், டொக்' மட்டும். விஷயம் தெரிந்தவர் மேடையேறும்போது இதே விபத்து நடக்கிறது. அவர் மனத்தில் முழுக் கச்சேரி. சபைக்கு மேசைத் தட்டல்.

இந்த விபத்திலிருந்து தப்பிக்க வாழ்நாள் முழுவதும் உழைத்தவர் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே. கொல்லரின் மகன். புத்தகம் தைக்கும் கடையில் தொழில் பழகியவர். 1812-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் நான்கு உரைகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, தாமே தைத்து அட்டை போட்டு டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டு அங்கேயே உதவியாளர் வேலை கிடைத்தது. அந்த 1813-இல், பெரிய மேடை எதிலும் அவர் ஏறாத நாளில், நண்பர் பெஞ்சமின் அபட்டுக்கு எழுதிய கடிதங்கள் வியப்பூட்டும். நல்ல உரை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவரின் இடத்திலிருந்து யோசித்து எழுதுகிறார்: அரங்கில் காற்றோட்டம் வேண்டும், பேசுகிறவர் அவசரப்படக் கூடாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரையும் உட்கார வைக்கக் கூடாது. பேச்சுக் கலையை அவர் நாற்காலியில் உட்கார்ந்து படித்தார்.

பிறகு பெஞ்சமின் ஸ்மார்ட் என்பவரிடம் பேச்சுப் பயிற்சியும் எடுத்துக்கொண்டார். மின்சாரமும் காந்தமும் அவரிடம் ரகசியம் பேசிய பிறகும், தம் குறையை அவர் மறக்கவில்லை. ஆர்வம் ஏறினால் பேச்சு வேகமெடுத்துவிடும். அதனால் 'மெதுவாக' என்று எழுதிய அட்டை ஒன்றை உரையின்போது கண்ணெதிரே வைத்துக்கொள்வார். அதையும் மறந்து ஓடத் தொடங்கினால், உதவியாளர் ஆண்டர்சன் அந்த அட்டையை எடுத்து முன்னால் வைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. மணி முடியப் போகும்போது காட்ட 'நேரம்' என்று இன்னோர் அட்டை. ஒரே ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்துச் சிறுவர்களுக்கு வேதியியல் சொன்ன அவருடைய கிறிஸ்துமஸ் உரைகள் இன்றும் அச்சில் இருக்கின்றன. எல்லார் வீட்டிலும் இருந்த பொருள் அது. கேட்பவருக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கினார். அவர் தட்டிய பாட்டு அவர்களுக்கும் கேட்டது.

ஒருவர் பேச, இரண்டு மூளை வேலை செய்ய

பேச்சு நன்றாகப் போகும்போது கேட்பவரின் மூளையில் என்ன நடக்கிறது? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கிரெக் ஸ்டீபன்ஸ், லாரன் சில்பர்ட், உரி ஹாசன் ஆகியோர் 2010-இல் இதைக் காட்டினார்கள். ஒரு பெண் எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்துக்கொண்டு, தன் வாழ்க்கையில் நடந்ததை ஒத்திகை இல்லாமல் கதையாகச் சொன்னார். அந்த ஒலிப்பதிவைக் கேட்டவர்களின் மூளையையும் படமெடுத்தார்கள். சொன்னவர் மூளையில் எழுந்த அசைவுகள் சில நொடிகள் கழித்துக் கேட்டவர் மூளையிலும் எழுந்தன. தெரியாத மொழியில், ரஷ்ய மொழியில், கதையைக் கேட்க வைத்தபோது அந்த ஒத்திசைவு மறைந்தது.

இன்னும் வியப்பானது, சில பகுதிகளில் கேட்டவரின் மூளை சொன்னவரை முந்திக்கொண்டது. அடுத்து என்ன வரும் என்று அது ஊகித்துக்கொண்டிருந்தது. இப்படி முந்தியவர்களே கதையை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு கிருபானந்த வாரியார் நினைவுக்கு வந்தார். 1906-இல் பிறந்து 1993 வரை வாழ்ந்த அவர், தம் சொற்பொழிவுகளில் முன்வரிசைக் குழந்தைகளைப் பார்த்துக் கேள்வி கேட்பார். கேள்வி குழந்தைக்குத்தான், ஆனால் பின்வரிசைப் பெரியவர் வரை ஒவ்வொருவரும் மனசுக்குள் பதில் தேடுவார்கள். சபை முழுவதும் ஊகிக்கத் தொடங்கிவிட்டது. அதன்பின் அவர் சொல்லும் விடை ஒவ்வொருவருக்கும் தம் ஊகத்துக்கான தீர்ப்பு.

ஊகிக்க நேரம் வேண்டும். அதற்குத்தான் இடைவெளி. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு இரண்டு நொடி சும்மா நிற்பது பேசுகிறவருக்கு யுகமாகத் தோன்றும். கேட்பவருக்கு அது யோசிக்கக் கிடைத்த அவகாசம். 'வந்து', 'அதாவது' என்று அதை நிரப்பத் தேவையில்லை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் களைந்துவிடுவோம். பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முக பாவனைக்கு 55 என்று பயிலரங்குகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. தனித்தனிச் சொற்களைப் பல தொனிகளில் சொல்ல வைத்து, சொல்பவருக்குப் பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்ற உணர்ச்சியை மட்டும் கண்டறிந்த ஆய்வு. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார். கையை வீசக் கற்றுக்கொண்டால் போதும், பொருள் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று யாரும் நம்பிவிட வேண்டாம். சொல்ல ஏதாவது இருந்தால்தான் கை தானாக எழும்.

72-க்குப் பிறகே 73

திருக்குறளில் 'அவையஞ்சாமை' 73-ஆம் அதிகாரம். அதற்கு முந்தைய அதிகாரத்தின் பெயர் 'அவையறிதல்'. சபையை அறிவது முன்னால், சபைக்கு அஞ்சாமை பின்னால். இந்த வரிசையை நான் வெகுகாலம் கவனிக்கவில்லை. நாம் இதுவரை பார்த்த ஆய்வுகளை எல்லாம் அடுக்கினால் அதே வரிசைதான் வருகிறது. 'நான் எப்படித் தெரிகிறேன்' என்று நம்மையே பார்க்கும்போது நடுக்கம் கூடுகிறது. 'இவர்களுக்கு இது புரிகிறதா' என்று எதிரே பார்க்கத் தொடங்கினால், திண்ணையில் கவலை பிடித்திருந்த இடங்கள் காலியாகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். கையில் மதிப்பெண் தாள். உச்சரிப்புக்குப் பத்து, பாவனைக்குப் பத்து. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நீர்நிலைகளைப் பற்றிப் பேச வந்தாள். "அவர்களே, அவர்களே" என்று தொடங்கி, இரண்டாவது நிமிடத்தில் நின்றுபோனாள். நான் தாளைப் பார்த்துக் குனிந்திருந்தேன். நிமிர்ந்தபோது அவள் எங்கள் மூவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் முகத்தில் ஒன்றுமே இல்லை. டிரியர் அறையின் நடுவர்களாக நாங்கள் உட்கார்ந்திருந்தோம், யாரும் பயிற்சி கொடுக்காமலேயே.

பேனாவை வைத்தேன். "ஏம்மா, உங்க ஊர்ல குளம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு சார்."

"தண்ணி இருக்கா அதுல?"

"இல்ல சார். எங்க ஆச்சி நீச்சல் பழகுன குளமாம். இப்ப நாங்க கிரிக்கெட் ஆடுறோம்."

சபையில் ஒரு சலசலப்பு. யாரோ சிரித்தார்கள், யாரோ உச்சுக்கொட்டினார்கள். அவள் திரும்பி அவர்களைப் பார்த்தாள். அப்போதுதான் முதன்முதலாக அவர்களைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அதன்பிறகு நாலு நிமிடம் அந்தக் குளத்தைப் பற்றி, மடை எங்கே அடைபட்டது, ஆச்சி என்ன சொல்வாள் என்று, தன் ஊர்த் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். மனப்பாடம் செய்த தாள் கையிலேயே சுருண்டிருந்தது. கை நடுங்கியதா என்று நான் கவனிக்கவில்லை. எனக்குக் குளம்தான் தெரிந்தது.